வலிக்காத நோயும் வளர வேண்டிய கல்வியும்



பல்வலிக்காரர்களுக்குத் துணை நிற்பவர் புனித அப்பொலோனியா என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். கி.பி. 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் மறைசாட்சியாக உயிர்நீத்தவர் அவர். கொடியோர் அவருடைய பற்களை அடித்து உடைத்தனர் என்று அக்காலத்து ஆயர் ஒருவரின் கடிதம் கூறுகிறது. பிப்ரவரி 9ஆம் நாள் அவருடைய திருநாள்.

பல் வலித்தால் புனிதரை நினைக்கிறோம். கிராம்புத் தைலத்தைத் தேடுகிறோம். இரவெல்லாம் விழித்திருந்து விடிந்ததும் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆனால் அந்தப் பல்லைத் தாங்கி நிற்கும் ஈறுகளை நாம் நினைப்பதுண்டா? ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுவே அதன் வஞ்சகம். வலி என்பது வீட்டுவாசலில் கூவி எழுப்பும் காவற்காரன். ஈறு நோயோ காவற்காரனை உறங்கவைத்துவிட்டுப் பின்கதவால் நுழையும் திருடன். ஆகவே இத்திங்கள் ஈறுகளைப் பற்றியும், அவற்றைக் காக்கும் கல்வியைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

நம் மாதனூரில் காலை வேளை எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஷூ கம்பெனி வண்டி நெடுஞ்சாலையில் வந்து நிற்பதற்குள் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, தானும் புறப்பட வேண்டிய தாய்க்குப் பல் துலக்க எத்தனை நிமிடம் கிடைக்கும்? துலக்கும்போது இரத்தம் கசிந்தால், "பிரஷ் முரடாக இருக்கிறது" என்று தேற்றிக்கொண்டு அந்த இடத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியின் இறைச்சி நார் பல்லிடுக்கில் சிக்கினால், ஆண்கள் தீக்குச்சியைத் தேடுகிறார்கள். பெண்கள் புடவையிலிருக்கும் ஊக்கைக் கழற்றுகிறார்கள். இரண்டும் ஈறுகளைக் குத்திக் கிழிப்பவை.

இந்நோய் எவ்வாறு வருகிறது? பல்லின்மேல் நாள்தோறும் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது வெறும் உணவுத் துணுக்கு அன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு. ஒழுங்காகத் துலக்கினால் அது அகலும். விட்டுவிட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, இறுகிக் காரையாகிறது. காரையைப் பிரஷ்ஷால் அகற்ற இயலாது. அதன் முரட்டு மேற்பரப்பில் மேலும் படலம் சேரும். ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் இரத்தம் கசியும்.

இந்த முதல் நிலையில் நோய் முற்றிலும் ஆறக்கூடியது. ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாக்கியது. நல்ல ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருடைய ஈறுகளும் அழற்சி கண்டன. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பின. இரத்தம் கசியும் இடத்தைத் துலக்காமல் விடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

அடுத்த நிலைதான் அஞ்சத்தக்கது. அழற்சி உள்ளே இறங்கினால், பல்லுக்கும் ஈறுக்கும் இடையேயுள்ள சிறு இடுக்கு ஆழ்ந்து பள்ளமாகும். நலமான வாயில் அந்த ஆழம் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. நோயுற்ற வாயில் அது நான்கு, ஆறு, எட்டு என்று இறங்கும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வருவதில்லை. பல் ஆடத் தொடங்கும்போதுதான் வீட்டில் செய்தி பரவும். "வயதாகிவிட்டது, பல் ஆடுகிறது" என்பார்கள். ஆட்டத்துக்குக் காரணம் பல நேரங்களில் வயது அன்று. ஆண்டுக்கணக்கில் கவனியாமல் விட்ட நோயே. புகைபிடிப்போர்க்கும் இன்னோர் ஏமாற்றம் காத்திருக்கிறது. புகையிலையின் நச்சினால் இரத்தக் கசிவு குறைந்து, ஈறு நலமாய் இருப்பதுபோல் தோன்றும். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட விரைவாய்க் கரையும்.

இந்நோய்க்கு முதல் மருத்துவம் காரையை அகற்றுதல். அது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. தோல் தொழிலை அறிந்த நமக்கு ஓர் உவமை போதும். பதனிடுமுன் தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுக்க வேண்டும். அரைகுறையாக வழித்தால் பதம் உள்ளே இறங்காது. கை ஆழ்ந்துவிட்டால் தோலே கிழிந்துபோகும். ஈறுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத வேரின்மேல் ஒட்டிய காரையை விரல்நுனி உணர்வால் கண்டு அகற்றுவதும் அத்தகைய வேலையே. மீதம் வைத்தால் நோய் தொடரும்; மிகையானால் வேர் தேயும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும், எனாமல் போய்விடும்" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. காரை அடைத்திருந்த இடைவெளி, அது அகன்றபின் நாவுக்குத் தட்டுப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றியதும் பல் நீண்டதுபோல் தோன்றுகிறது. அவ்வளவே. பல்லை ஆட்டுவது நோய். அதனை அகற்றும் கை அன்று.

இந்தக் கைக்கு உரியவர் யார்? அண்மையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சாமி, என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பல் டாக்டர் படிப்புக்கு மார்க் போதவில்லை. டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறதாமே. பல்லைச் சுரண்டுவதற்கு ஒரு படிப்பா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது என்கிறார்கள்." அவருக்குச் சொன்ன விடையை உங்கள் அனைவருக்கும் விரித்துச் சொல்வது நலம்.

பல் சுகாதாரப் பணியாளர் என்னும் தொழில் 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தது. ஆல்ஃபிரெட் ஃபோன்ஸ் என்னும் பல் மருத்துவர், நோயைத் தீர்ப்பதைவிடத் தடுப்பதே மேல் என்று எண்ணினார். தம் உதவியாளராயிருந்த ஐரீன் நியூமன் என்னும் பெண்மணிக்குப் பல்லைச் சுத்தம் செய்யக் கற்பித்தார். 1913ஆம் ஆண்டில் இதற்கென ஒரு பள்ளியையே தொடங்கினார். அதில் பயின்ற பெண்கள் நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று சிறுவர்களின் பற்களைத் தூய்மை செய்தார்கள். 1921ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாடு மேலும் ஒரு படி சென்றது. சிறுவர்களின் சொத்தைப் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் வல்ல பள்ளிப் பல் செவிலியரை அது உருவாக்கியது. அவர்களுடைய வழிவந்தவர்களே இன்று டென்டல் தெரபிஸ்ட் எனப்படும் பல் சிகிச்சையாளர்கள்.

நம் நாடும் பின்தங்கியிருக்கவில்லை. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பல் மருத்துவர் சட்டம், பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், செயற்கைப் பல் செய்வோர் என மூவரையும் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. பல்லின் காரையை அகற்றித் தூய்மை செய்பவரும், வாய்ச் சுகாதாரத்தைக் கற்பிப்பவருமே பல் சுகாதாரப் பணியாளர் என்று அது வரையறுத்தது. கற்பித்தலும் அவர் கடமையே என்பதைக் கவனியுங்கள். அவர் கையில் கருவி பாதி. நாவில் அறிவுரை பாதி.

சரி, இதில் மேற்படிப்புக்கு என்ன இருக்கிறது? இதற்கு விடை காண, கடல் கடந்து இலங்கையின் மலையகத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைப்பவர்கள், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் மக்களின் வழித்தோன்றல்கள். முன்பு கூறிய ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970ஆம் ஆண்டில் 480 ஆண் தொழிலாளரின் வாயை ஆராயத் தொடங்கினார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ அறியாத மக்கள் அவர்கள். கவனிப்பே இல்லாத வாயில் ஈறு நோய் எப்படி நடக்கும் என்பதை அறிவதே ஆய்வின் நோக்கம். ஒப்பிடுவதற்காக, நல்ல மருத்துவ வசதி பெற்ற நார்வே நாட்டு ஆஸ்லோ நகரத்து மாணவரையும் கல்வியாளரையும் அவர்கள் தனியே ஆராய்ந்தார்கள்.

15 ஆண்டுகள் தொடர்ந்த தோட்ட ஆய்வின் முடிவு 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. அனைவர் பல்லிலும் காரை இருந்தது. ஏறத்தாழ அனைவர் ஈறும் சிவந்திருந்தது. ஆயினும் நோய் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. 8 விழுக்காட்டினரிடம் அது காட்டுத்தீபோல் பரவியது. 81 விழுக்காட்டினரிடம் நிதானமாக நடந்தது. 11 விழுக்காட்டினரிடம் தொடக்க நிலையைத் தாண்டவே இல்லை. 2010ஆம் ஆண்டில், 40 ஆண்டுகளுக்குப் பின், அவர்களுள் 75 பேரை மீண்டும் கண்டு ஆராய்ந்தார்கள். சராசரியாக ஒருவர் 13 பற்களை இழந்திருந்தார். 12 பேருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. நால்வர் மட்டும் ஒன்றையும் இழக்கவில்லை.

உலகெங்கும் ஈறு மருத்துவம் பயில்வோர் இன்றும் இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். ஒரே அழுக்கு; ஆனால் வாய்க்கு வாய் வேறு விதி. ஆகவே எல்லாருக்கும் ஒரே மருந்து, ஒரே தவணை என்பது பொருந்தாது. யார் அந்த 8 பேரைப் போன்றவர், யார் அந்த 11 பேரைப் போன்றவர் என்று காலத்தில் கண்டறிய வேண்டும். அதற்குத் தேர்ந்த கண்ணும் ஆழ்ந்த கல்வியும் வேண்டும். உலகத்துக்கு இந்த அறிவைத் தந்தது கூலித் தமிழனின் வாய் என்பதை எண்ணும்போது பெருமையும் வருகிறது. அந்த அறிவின் பயன் அவன் இனத்து ஏழைகளை இன்னும் சென்று சேரவில்லையே என்று நெஞ்சும் கனக்கிறது.

இப்போது நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். சுவீடன் நாட்டில் ஆக்செல்சன், லிண்டே என்னும் இரு அறிஞர்கள் 1970களின் தொடக்கத்தில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். அதில் சேர்ந்தவர்களை, முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும், பின்னர் அவரவர் தேவைக்கேற்ப மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையிலான இடைவெளியிலும் வரவழைத்து, பல் சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் தூய்மை செய்து துலக்கும் முறையைக் கற்பித்தார்கள். 30 ஆண்டுகளுக்குப் பிறகு, 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். எந்த வயதுப் பிரிவிலும் ஒருவர் இழந்த பற்கள் சராசரியாக இரண்டைக்கூட எட்டவில்லை. சுவீடனின் உணவும் வருவாயும் வேறு, தோட்டத் தொழிலாளரின் வாழ்வு வேறு; இரண்டையும் அப்படியே தராசில் நிறுத்தலாகாது. ஆயினும் கவனிப்பாரற்ற வாய்க்கும், பொறுமையான ஒரு கை திரும்பத் திரும்பத் தொட்ட வாய்க்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் விளங்கும்.

இந்தப் பொறுமையான கையை மேலும் பண்படுத்துவதற்கே மேலைநாடுகளில் மேற்படிப்புகள் தோன்றியுள்ளன. இங்கிலாந்தில் பல் சுகாதாரப் பணியாளரும் சிகிச்சையாளரும் முதற்பட்டத்தோடு நிற்க வேண்டியதில்லை. ஈறு மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பும் அவர்களுக்கு உண்டு. அங்கே கற்பிப்பவை சிலவற்றைக் கேளுங்கள். பள்ளத்தின் ஆழத்தை ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடங்களில் அளந்து, எலும்பின் நிழற்படத்தோடு ஒப்பிட்டு, நோயின் நிலையையும் வேகத்தையும் தனித்தனியே மதிப்பிடல். 2017ஆம் ஆண்டில் உலக அறிஞர்கள் கூடி வகுத்த புதிய பகுப்பு, நான்கு நிலைகளும் மூன்று தரங்களுமாக இதனைக் கூறுகிறது. அறுவையின்றி வேரைத் தூய்மை செய்யும் நுட்பம்; கருவுற்ற தாய், சர்க்கரை நோயாளி, புகையிலைக்கு அடிமையானவர் ஆகியோரை நடத்தும் முறை; எப்போது தம் கையால் தீர்க்கலாம், எப்போது நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்னும் பகுத்தறிவு; பிறர் எழுதிய ஆய்வைப் படித்து எடைபோடும் திறன். இவற்றோடு, நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் அவர் மனத்தை மாற்றும் உரையாடலையும் பயில்கிறார்கள். இத்தகைய கல்வியின்மேல் கொண்ட நம்பிக்கையால், 2013ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் நோயாளிகள் பல் மருத்துவரின் சீட்டு இல்லாமலே இவர்களிடம் நேரே செல்ல ஒப்புதல் அளிக்கப்பட்டது.

நம் நாட்டில் நிலை என்ன? இங்கே பல் சுகாதாரப் படிப்பு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர்க்கு உரிய இரண்டாண்டுப் படிப்பு. ஈறு மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமோ, பல் மருத்துவப் பட்டம் பெற்றவர் மூன்றாண்டு பயில்வது. இரண்டுக்கும் இடையே படிக்கட்டு இல்லை. ஏறத் தொடங்கிய பெண் முதற்படியிலேயே நின்றுவிட வேண்டியவளாகிறாள். போதாக்குறைக்கு, சிறு ஊர்ப் பல் மருத்துவமனைகளில் தூய்மைப் பணியையும் பெரும்பாலும் மருத்துவரே செய்துவிடுவதால், பயின்றவர்க்கு வேலைவாய்ப்பும் பெருகவில்லை. இதனை மறைத்துப் பெற்றோருக்கு ஆசை காட்டுவது முறையன்று.

ஆனால் படிக்கட்டு இல்லாத இடத்தில் படிக்கட்டு கட்டிய வரலாறு நம் பகுதி மண்ணிலேயே இருக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியபோது, பிறர் உடலைத் தொட்டுப் பணிசெய்யும் வேலைக்குப் பெண்ணை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. 1946ஆம் ஆண்டில் அதே வேலூரில் செவிலியர்க்குப் பட்டப் படிப்பு தொடங்கியது. பின்னாளில் முதுநிலைப் பட்டமும் வந்தது. இன்று செவிலியர் படிப்பில் மகளைச் சேர்த்த தந்தை தலைநிமிர்ந்து நடக்கிறார். வேலையை இழிவென்று எண்ணிய ஊர், கல்வி உயர்ந்ததும் அதனைப் போற்றக் கற்றுக்கொண்டது. பல் சுகாதாரப் பணிக்கும் அந்த உயர்வு வரக்கூடாதா?

வந்தால் யாருக்குப் பயன்? நம்மைப் போன்றோர்க்கே. மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர்கள் நம் தோல் தொழிலாளர். வலிக்காத நோய்க்காக எவர் கூலியை இழப்பார்? ஆகவே தேர்ந்த பணியாளர் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். தொழிற்சாலையின் மருத்துவ அறைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பள்ளிக்கும் செல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வந்ததைக் கண்டோம். சர்க்கரை கட்டுக்கடங்காதபோது ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறுகளுக்கு மருத்துவம் செய்தபின் சர்க்கரையின் அளவு ஓரளவு குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரையைப் பார்க்க வரும் கையோடு ஈறுகளைப் பார்க்கும் கண்ணும் வந்தால் எத்துணை நன்று!

எனவே இல்லத்தாரே, மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் வாய். காலையிலும் படுக்கைக்கு முன்னும் மென்மையான பிரஷ்ஷால், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் இரண்டு நிமிடம் துலக்குங்கள். ஊக்கும் தீக்குச்சியும் பல்லிடுக்குக்கு வேண்டா. இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள்; இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் வலிக்காகக் காத்திருக்கலாகாது. புகையிலையை எந்த வடிவிலும் தொடாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் பிள்ளைகள். பல் சுகாதாரப் படிப்பை விரும்பும் மகளையோ மகனையோ எள்ளி நகையாடாதீர்கள். அதேவேளை, பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரிக்கும் படிப்புக்கும் முறையான அங்கீகாரம் உண்டா, படித்தபின் பதிவு செய்துகொள்ள இயலுமா என்று எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள். வெளிநாட்டு மேற்படிப்பை எண்ணுவோர், நம் சான்றிதழை அந்நாடு ஏற்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். வண்ணத் துண்டுத்தாளை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

மூன்றாவது, பொறுப்பில் இருப்போர்க்கு. மருத்துவமனையும் கல்லூரியும் நடத்துவோர், இந்தத் தொழிலுக்கு இரண்டாம் படியும் மூன்றாம் படியும் கட்ட முன்வர வேண்டும். தொழிற்சாலை உரிமையாளர்கள், ஆண்டுக்கு இரு முறையேனும் வேலை நேரத்திலேயே தொழிலாளரின் வாயைச் சோதிக்க இடம் தர வேண்டும். கூலி பிடித்தம் இல்லாமல் அது நடக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் முன்னோர். பல்லோடு போவது சொல் மட்டுமன்று. மென்று உண்ணும் இன்பமும், வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் சேர்ந்தே போகின்றன. இன்றிரவு படுக்குமுன் வீட்டிலுள்ள கண்ணாடியில் உங்கள் ஈறுகளை ஒரு முறை பாருங்கள். பின்பு பிள்ளைகளின் ஈறுகளையும் பாருங்கள். சிவப்பும் வீக்கமும் கண்டால், வலி வரட்டும் என்று தவணை சொல்லாதீர்கள்.